கூட்டுத்தொகை சரி, விடை தப்பு: எலக்ட்ரான் அமைப்பில் பிழை தேடும் வழி

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் தார்சாவில் சாயங்காலம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அணு அமைப்புப் பாடம் நடக்கும் வாரங்களில் எலக்ட்ரான் அமைப்பு, அதாவது ஓர் அணுவின் எலக்ட்ரான்கள் எந்தெந்த இடத்தில் எத்தனை இருக்கின்றன என்று எழுதச் சொன்னால், தப்பு விடைகள் தாறுமாறாக வருவதில்லை. அம்பையிலிருந்து வரும் பிள்ளையும் வீரவநல்லூர்ப் பிள்ளையும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமலே ஒரே தப்பைச் செய்கிறார்கள். அதனால் விடையைப் பார்த்தாலே எந்த இடத்தில் கை வழுக்கியது என்று சொல்லிவிடலாம். உங்கள் விடை எந்த விதத்தில் தப்பாக இருக்கிறது என்று பாருங்கள். அதற்குரிய பகுதிக்கு நேராகப் போங்கள்.

அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கும் கூடுகள் துணைக்கூடுகளாகப் பிரிகின்றன. அந்தத் துணைக்கூடுகளின் பெயரை இங்கே எஸ், பி, டி, எஃப் என்று தமிழிலேயே எழுதுகிறேன். தேர்வில் வழக்கம்போல ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நான்கும் நிறமாலைக் கோடுகளை ஆராய்ந்தவர்கள் அந்தக் கோடுகளுக்கு வைத்த ஷார்ப், பிரின்சிபல், டிஃப்யூஸ், ஃபண்டமென்டல் என்ற பெயர்களின் முதலெழுத்துகள். அணுவுக்குள் எலக்ட்ரான் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே வந்த பெயர்கள். அவற்றில் வடிவத்தையோ வரிசையையோ தேடி அலைய வேண்டாம்.

தேடத் தொடங்கும் முன்

கொள்ளளவு முதலில். எஸ்ஸில் 2, பியில் 6, டியில் 10, எஃபில் 14. இதற்கு மேல் ஒரு எலக்ட்ரான்கூட ஏறாது.

அடுத்தது நிரம்பும் வரிசை. பெயரில் முன்னால் வரும் எண் எத்தனையாவது கூடு என்பதைச் சொல்கிறது. அதை வெறும் பெயர்களாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் நிரம்பி முடியும்போது மொத்தம் எத்தனை எலக்ட்ரான் ஆகிறது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்:

1எஸ் 2, 2எஸ் 4, 2பி 10, 3எஸ் 12, 3பி 18, 4எஸ் 20, 3டி 30, 4பி 36, 5எஸ் 38, 4டி 48, 5பி 54, 6எஸ் 56, 4எஃப் 70, 5டி 80, 6பி 86, 7எஸ் 88, 5எஃப் 102, 6டி 112, 7பி 118.

நம் பக்கத்துக் குளங்கள் நிரம்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வாய்க்கால் முதலில் தொடும் குளம் பெருகி, மறுகால் பாய்ந்த பிறகுதான் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். எந்தக் குளம் எந்த ஊர்ப் பெயரில் இருக்கிறது என்பதை வாய்க்கால் பார்ப்பதில்லை. 4எஸ் என்ற பெயரில் நான்கு இருந்தாலும், 3டிக்கு முன்னால் வாய்க்கால் அதைத்தான் தொடுகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றால் கீழே சொல்லப்போகும் தப்புகளில் பாதி வராது.

சாய்வாக அம்புக்குறி போடும் படத்தைப் பலர் நம்புகிறார்கள். நான் அதை அதிகம் சொல்லிக்கொடுப்பதில்லை. பதற்றத்தில் ஒரு கோட்டைத் தள்ளி வரைந்துவிட்டால் முழு விடையும் போய்விடும். தனிம வரிசை அட்டவணையே இந்த வரிசையின் வரைபடம்தான். இடது ஓரத்தில் 2 கட்ட அகலம், நடுவில் 10, வலதில் 6, கீழே பிரித்து வைத்திருக்கும் இரண்டு வரிகளில் 14. அதே நான்கு எண்கள்தான். ஹைட்ரஜனிலிருந்து வரிவரியாக, இடமிருந்து வலமாக விரலை நகர்த்தினால் நிரம்பும் வரிசை தானாக வரும். ஹீலியம் மட்டும் 1எஸ்² ஆக இருந்தும் மந்த வாயுக்களோடு வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

"கூட்டினால் அணு எண் வரவில்லை"

உங்கள் விடையில் துணைக்கூட்டின் பெயருக்கு மேலே எழுதிய சின்ன எண்களை, அதாவது அதில் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கைகளை, எல்லாம் கூட்டுங்கள். நடுநிலை அணுவில் புரோட்டான் எத்தனையோ அத்தனை எலக்ட்ரான். எனவே கூட்டுத்தொகை அணு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். வேறு எண் வந்தால், எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அந்த வித்தியாசமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வித்தியாசம் மிகப் பெரிதாக, ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தால் நிறை எண்ணை எடுத்துவிட்டீர்கள். குளோரின் கட்டத்தில் 17, 35.5 என இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண் கண்ணில் பட்டதும் 35 எலக்ட்ரானை நிரப்பிவிடுவார்கள். 35 எலக்ட்ரான் உள்ள நடுநிலை அணு புரோமின். சோடியத்துக்கு 23 என்று எடுத்தால் எழுதி முடித்தது வனேடியத்தின் அமைப்பு. அணு எண் முழு எண்ணாக இருக்கும், அட்டவணையில் ஒன்று ஒன்றாகக் கூடிக்கொண்டு போகும். அதை வைத்து அடையாளம் காணுங்கள்.

சரியாக 2 குறைந்தால் ஒரு எஸ்ஸைத் தாண்டி வந்துவிட்டீர்கள். 6 குறைந்தால் ஒரு பி. 10 குறைந்தால் டி, 14 குறைந்தால் எஃப். அயோடினுக்கு [கிரிப்டான்] 5எஸ்² 5பி⁵ என்று எழுதுவது அடிக்கடி பார்க்கும் தப்பு. பெட்டி அடைப்பு, கிரிப்டானின் 36 எலக்ட்ரான்களையும் சேர்த்துக் குறிக்கும் சுருக்கம். 36, 2, 5 என்று கூட்டினால் 43. வேண்டியது 53. விட்டுப்போனது 4டி¹⁰. இன்னும் தேட வேண்டியதே இல்லை. காரீயத்துக்கு [செனான்] 5டி¹⁰ 6எஸ்² 6பி² எழுதினால் 68 வரும், வேண்டியது 82. பதினான்கு குறைகிறது, ஆக 4எஃப்¹⁴ எங்கேயோ நின்றுவிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்ன வித்தியாசம் வந்தால், கணக்குத் தப்பா என்று பார்க்கும் முன் அயனியை எழுதிவிட்டோமா என்று பாருங்கள். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் சோடியம் என்றால் உப்புதான் நினைவுக்கு வரும். உப்பில் இருப்பது ஒரு எலக்ட்ரானை இழந்த சோடியம் அயனி. அதனால் 1எஸ்² 2எஸ்² 2பி⁶ என்று பத்தோடு நிறுத்திவிடுவார்கள். கேள்வி நடுநிலை அணுவைக் கேட்டால் 3எஸ்¹ வேண்டும். அதே உப்பின் குளோரினுக்கு 18 எழுதி ஒன்று கூட்டிவிடுவதும் இதே காரணத்தால்தான்.

எந்த வகையிலும் அடங்காத வித்தியாசம் வந்தால் தனிமத்தின் பெயரைச் சரிபாருங்கள். தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு இது முக்கியம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த ஈயம் வெள்ளீயம், அணு எண் 50. புத்தகத்தில் ஈயம் என்று இருந்தால் அது காரீயம், அணு எண் 82. வீட்டுச் சொல்லை நினைத்து ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதிய பிள்ளையின் முறை முழுக்கச் சரியாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அணு எண் மட்டும்தான் வேறு.

"கூட்டினால் வருகிறது, ஆனால் பொட்டாசியத்துக்குத் தப்பு போட்டுவிட்டார்கள்"

இந்தத் தப்பின் மேல் எனக்குத் தனி அக்கறை உண்டு. நான் ஒன்பதாம் வகுப்பில் பொட்டாசியத்துக்கு 2, 8, 9 என்று எழுதினேன். சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது, காரணம் யாரும் சொல்லவில்லை. மூன்றாவது கூட்டில் 18 வரை போகலாம் என்று அவர்களே சொல்லிக்கொடுத்திருக்க, ஒன்பது ஏன் கூடாது என்று பல நாள் குழம்பினேன். அதே குழப்பம் பிளஸ் ஒன் வந்ததும் வேறு உருவத்தில் வரும். 3பி⁶ முடிந்ததும் அடுத்த மூன்று 3டிதானே என்று நினைத்து, 3டி¹ என்று எழுதுவார்கள். கூட்டினால் 19 சரியாக வரும். அதனால் தப்பு கண்ணுக்குத் தெரியாது.

சரியான விடை 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 4எஸ்¹. பழைய முறையில் 2, 8, 8, 1.

மூன்றாவது கூட்டின் கொள்ளளவு 18 என்பது உண்மைதான். ஆனால் கொள்ளளவு வேறு, நிரம்பும் நேரம் வேறு. பொட்டாசியம் அணுவில் 4எஸ் எலக்ட்ரானின் பரவலில் ஒரு பகுதி உள்ளே ஊடுருவி அணுக்கருவுக்கு மிக அருகே வரை போகிறது. அதனால் அணுக்கருவின் கவர்ச்சியை அது கூடுதலாக உணர்கிறது. 3டி எலக்ட்ரானுக்கு அந்த ஊடுருவல் மிகக் குறைவு. ஆகவே 19ஆவது எலக்ட்ரானுக்கு ஆற்றல் குறைந்த இடம் 4எஸ். இதற்குச் சாட்சி பொட்டாசியத்தின் குணத்திலேயே இருக்கிறது. சோடியத்தைப் போலவே தண்ணீரைக் கண்டால் சீறுகிறது, சோடியத்தைப் போலவே ஒரு எலக்ட்ரானை எளிதில் விடுகிறது, அட்டவணையில் சோடியத்துக்கு நேர் கீழே இருக்கிறது. வெளியே ஒற்றை எஸ் எலக்ட்ரான் இருப்பதால் வரும் குணம் இது.

விதியாக வேண்டுமென்றால் முதன்மைக் குவாண்டம் எண்ணையும் (முன்னால் உள்ள கூட்டின் எண்தான்) கோண உந்தக் குவாண்டம் எண்ணையும் கூட்டுங்கள். இரண்டாவது எண் எஸ்ஸுக்கு 0, பிக்கு 1, டிக்கு 2, எஃபுக்கு 3. கூட்டுத்தொகை குறைந்தது முன்னால் நிரம்பும். 4எஸ்ஸுக்கு 4, 3டிக்கு 5. சமமாக வந்தால் முதன்மை எண் சிறியது முன்னால். 3டி, 4பி, 5எஸ் மூன்றுக்கும் 5 வருகிறது. அந்த வரிசையில்தான் அவை நிரம்புகின்றன.

இப்போது ஒரு கிளைத் தப்பு. டைட்டேனியத்துக்கு [ஆர்கான்] 3டி² 4எஸ்² என்று எழுதியிருப்பார்கள். பக்கத்துப் பிள்ளை 4எஸ்² 3டி² என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒரே அமைப்பு. முதலாவது கூட்டு வாரியாக அடுக்கியது, இரண்டாவது நிரம்பிய வரிசை. நான் முதலாவதைப் பழகச் சொல்வேன். காரணம், அடுத்த பாடத்தில் அயனி எழுதும்போது அது உதவும்.

சாத்தான்குளம் பக்கம் தேரி மணல் சிவப்பாக இருப்பது இரும்பு ஆக்சைடால். அந்த இரும்பு மூன்று எலக்ட்ரானை இழந்த அயனி. நடுநிலை இரும்பு [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்². மூன்றை எடுக்கும்போது முதல் இரண்டும் 4எஸ்ஸிலிருந்து போகும், பிறகு ஒன்று 3டியிலிருந்து. மிச்சம் 3டி⁵. "கடைசியாக ஏறியது 3டிதானே டீச்சர், அதுதானே முதலில் இறங்கணும்?" என்று கேட்பார்கள். பாபநாசத்தில் ஏறியவர் முதலில் இறங்குவாரா, சேரன்மகாதேவியில் ஏறியவர் முதலில் இறங்குவாரா என்பதை ஏறிய நேரம் தீர்மானிக்காது. கூட்டமான பஸ்ஸில் வாசல் பக்கம் நிற்பவர்தான் முதலில் இறங்குவார். 4எஸ் அணுவின் வெளிப்பக்கம், அதாவது வாசல்.

ஆழமாகக் கேட்கும் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று சொல்வேன். ஸ்கேண்டியத்திலிருந்து 3டியின் ஆற்றல் 4எஸ்ஸைவிடக் கீழே இறங்கிவிடுகிறது. அப்படியும் நடுநிலை ஸ்கேண்டியம் 3டி¹ 4எஸ்² ஆகவே இருக்கிறது. 3டி இடம் நெருக்கமானது, அதில் எலக்ட்ரான்களைச் சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று தள்ளும் விசை அதிகம். இரண்டு பேரை விரிந்து கிடக்கும் 4எஸ்ஸில் விட்டுவைப்பதுதான் மொத்த அணுவுக்கும் ஆற்றல் குறைவு. இரண்டு எலக்ட்ரானை எடுத்த ஸ்கேண்டியம் அயனியில் மிஞ்சி நிற்பது 3டி¹தான். அப்புறம் எதற்கு 4எஸ் முதலில் என்று எழுதுகிறோம் என்றால், நடுநிலை அணுவின் இறுதி விடையை அந்த வரிசை சரியாகத் தருகிறது, அதற்காகத்தான்.

"1பி, 2டி, 3எஃப் எழுதிவிட்டேன்" அல்லது "டிக்கு முன்னால் எந்த எண்?"

இது சீக்கிரம் தீரும். முதல் கூட்டில் ஒரு துணைக்கூடு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. ஆகவே பி தொடங்குவது 2இல், டி தொடங்குவது 3இல், எஃப் தொடங்குவது 4இல். 1பி, 2டி, 3எஃப் என்று ஒன்று கிடையாது.

நான்காம் வரிசையில் இருக்கும் வனேடியத்துக்கு 4டி³ என்று எழுதுபவர்கள் வரிசை எண்ணை அப்படியே போட்டுவிடுகிறார்கள். எஸ்ஸுக்கும் பிக்கும் வரிசை எண். டிக்கு அதிலிருந்து ஒன்று கழிக்க வேண்டும், எஃபுக்கு இரண்டு. வெள்ளீயத்தை எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் வரிசை. கிரிப்டானோடு 36 முடிந்தது. இடது ஓரத்தில் 5எஸ்², நடுவில் 4டி¹⁰, வலதில் இரண்டாவது கட்டம், 5பி². 36, 2, 10, 2. கூட்டினால் 50.

"விதிப்படிதான் எழுதினேன், குரோமியத்துக்கும் தாமிரத்துக்கும் தப்பு"

பெயரிலேயே தாமிரத்தை வைத்திருக்கும் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு தாமிரத்தின் அமைப்பைத் தப்பாக எழுதக் கூடாது என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வேன். விதிப்படி [ஆர்கான்] 3டி⁹ 4எஸ்² வரும். உண்மையில் இருப்பது [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்¹. குரோமியத்துக்கு விதி சொல்வது 3டி⁴ 4எஸ்², உண்மையில் 3டி⁵ 4எஸ்¹.

பாதி நிரம்பிய டியும் முழுக்க நிரம்பிய டியும் கூடுதல் நிலைப்புத்தன்மை உடையவை என்று புத்தகம் சொல்லும். அதன் பின்னால் இருப்பது பரிமாற்ற ஆற்றல். ஒரே திசைச் சுழற்சி உள்ள எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இடம் மாற்றிக்கொள்ளக்கூடிய வழிகள் கூடக்கூட ஆற்றல் குறைகிறது. டியில் நான்கு இருந்தால் அப்படி 6 இணைகள், ஐந்து இருந்தால் 10. அதோடு 4எஸ்ஸில் இருவர் ஒரே அறையில் நெருங்கியிருக்க வேண்டிய சிரமமும் தீர்கிறது. 4எஸ்ஸுக்கும் 3டிக்கும் ஆற்றல் வித்தியாசம் சின்னதாக இருப்பதால்தான் இந்த லாபம் வெல்கிறது.

தாமிரத்தைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. குத்துவிளக்கின் பித்தளையில் தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்தே இருக்கின்றன, அட்டவணையிலும் 29, 30 என்று பக்கத்துப் பக்கத்தில். துத்தநாகம் 3டி¹⁰ 4எஸ்², அதில் குழப்பமே இல்லை. அதன் 4எஸ்ஸிலிருந்து ஒன்றை எடுத்தால் தாமிரம். தாமிரத்துக்குக் கீழே உள்ள வெள்ளியும் தங்கமும் அதே மாதிரி: வெள்ளி [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்¹, தங்கம் [செனான்] 4எஃப்¹⁴ 5டி¹⁰ 6எஸ்¹.

"அந்த விதியையும் போட்டேன், இப்போது வேறு இடத்தில் தப்பு"

மருந்து அதிகமானால் வரும் நோய் இது. பாதி நிரம்பினால் நல்லது என்று கேட்டதும் கண்ட இடத்தில் எல்லாம் எலக்ட்ரானை நகர்த்தத் தொடங்குவார்கள்.

நிக்கலுக்கு 3டி¹⁰ என்று எழுதி 4எஸ்ஸைக் காலி செய்துவிடுவார்கள். நிக்கல் 3டி⁸ 4எஸ்²தான். டங்ஸ்டன் அட்டவணையில் குரோமியம், மாலிப்டினத்துக்குக் கீழே இருக்கிறது. மாலிப்டினம் 4டி⁵ 5எஸ்¹ என்று மாறுகிறது. டங்ஸ்டன் மாறுவதில்லை, 5டி⁴ 6எஸ்²தான். நியோபியமோ பாதியும் நிரம்பாமல் முழுதும் நிரம்பாமல் 4டி⁴ 5எஸ்¹ என்று நிற்கிறது. பல்லேடியம் 4டி¹⁰ என்று முடிந்துவிடுகிறது, 5எஸ்ஸில் ஒன்றுமே இல்லை. இவற்றையெல்லாம் விதியிலிருந்து வருவிக்க முடியாது. அணு உமிழும் ஒளியின் நிறமாலையை அளந்து கண்டுபிடித்தவை. ஆகவே பிளஸ் ஒன் அளவில் எது விலக்கு என்று தெரிந்துகொண்டு, அதற்கு மேல் ஊகிக்காமல் விடுவதே நல்லது. நான்காம் வரிசையில் குரோமியம், தாமிரம் இரண்டுதான்.

கார்பனுக்கு 2எஸ்¹ 2பி³ எழுதுவதும் இங்கேதான் சேரும். 2பி பாதி நிரம்புகிறதே என்று காரணம் சொல்வார்கள். 2எஸ்ஸுக்கும் 2பிக்கும் இடையில் உள்ள ஆற்றல் வித்தியாசம் பெரிது, பரிமாற்ற லாபம் அதை ஈடுகட்டாது. கார்பன் நான்கு பிணைப்பு உண்டாக்குவதை விளக்கும் பாடத்தில் அந்த அமைப்பைப் பார்த்திருப்பீர்கள். அது கிளர்வுற்ற நிலை. தனித்த நடுநிலைக் கார்பன் அணுவின் அடிநிலை 1எஸ்² 2எஸ்² 2பி².

"வரியாக எழுதினால் சரி, கட்டம் போட்டால் தப்பு"

துணைக்கூட்டுக்குள் இரண்டு எலக்ட்ரான் வரை இருக்கக்கூடிய இடங்களான ஆர்பிட்டால்களைக் கட்டமாக வரைந்து அம்புக்குறி போடும்போது மூன்று விதமாகத் தப்பு வரும்.

ஒரே கட்டத்தில் இரண்டு அம்புகளும் மேல்நோக்கி. பௌலி 1925இல் சொன்ன தவிர்க்கைத் தத்துவத்தின்படி ஓர் அணுவில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு நான்கு குவாண்டம் எண்களும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரே கட்டத்தில் இருந்தால் மூன்று எண்கள் ஏற்கெனவே ஒன்றுதான். நான்காவதான தற்சுழற்சியாவது மாற வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே.

நைட்ரஜனின் 2பி³க்கு முதல் கட்டத்தில் இரண்டு, அடுத்ததில் ஒன்று, கடைசி காலி. இது ஹூண்ட் விதிக்கு எதிர். மூன்று கட்டத்திலும் ஒவ்வொன்று, எல்லாம் ஒரே திசை. அடுத்து வரும் ஆக்ஸிஜனில்தான் முதல் ஜோடி சேரும். அதில் ஒரு ஜோடி, இரண்டு ஒற்றை. இரும்பின் 3டி⁶இல் ஒரு ஜோடி, நான்கு ஒற்றை. மாங்கனீஸின் 3டி⁵இல் ஐந்தும் ஒற்றை. ஒற்றை எலக்ட்ரான் எத்தனை என்ற கேள்வி கட்டாயம் வரும். எனவே இதை விரலால் எண்ணிப் பழகுங்கள்.

மூன்றாவது தப்பு, விதியை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோவதால் வருவது. காலி பஸ்ஸில் ஏறுபவர்கள் முதலில் ஆளுக்கு ஒரு சீட்டில் ஜன்னலோரம் உட்காருவார்கள், பிறகுதான் பக்கத்தில் போய் உட்காருவார்கள் என்று ஹூண்ட் விதிக்கு உவமை சொல்வது உண்டு. நல்ல உவமைதான். ஆனால் அதைக் கேட்ட சில பிள்ளைகள் போரானுக்கு 2எஸ்ஸில் ஒன்று, 2பியில் இரண்டு என்று பரப்பிவிடுகிறார்கள். ஆளுக்கொரு சீட் என்பது ஒரே ஆற்றல் உள்ள கட்டங்களுக்கு மட்டும். 2எஸ்ஸும் 2பியும் வேறு வேறு பஸ். முதல் பஸ் நிரம்பிய பிறகுதான் அடுத்தது.

"சுருக்கி எழுதினால் குழப்பமாகிறது"

பெட்டி அடைப்புக்குள் போட வேண்டியது முந்தைய வரிசையின் கடைசியில் உள்ள மந்த வாயு. புரோமினுக்குப் பக்கத்தில் இருப்பது கிரிப்டான் என்பதால் [கிரிப்டான்] போட்டுவிட்டுப் பிறகு ஒன்றைக் கழிக்கப் பார்ப்பார்கள். கழிக்கும் வேலையே இதில் இல்லை. [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்² 4பி⁵. அடைப்புக்குள் ஆர்கான் வந்துவிட்டால் 3பி⁶ வரை எல்லாம் அதற்குள் இருக்கிறது. வெளியே மறுபடி 3எஸ்² 3பி⁶ எழுதினால் எட்டு கூடிவிடும்.

மந்த வாயுவையே கேட்டால் அதையே அடைப்புக்குள் போட்டு முடிக்காதீர்கள். நியான் [ஹீலியம்] 2எஸ்² 2பி⁶.

"கீழே உள்ள இரண்டு வரித் தனிமங்களுக்கு எதுவும் பொருந்தவில்லை"

4எஃப், 5டி இரண்டும் ஆற்றலில் மிக நெருக்கம். 5எஃப், 6டியும் அப்படியே. அதனால் விதிப்படி எஃபுக்குப் போக வேண்டிய எலக்ட்ரான் சில அணுக்களில் டியில் இருக்கும். லாந்தனம் [செனான்] 5டி¹ 6எஸ்². சீரியம் 4எஃப்¹ 5டி¹ 6எஸ்². கடோலினியம் 4எஃப்⁷ 5டி¹ 6எஸ்², இங்கே எஃப் பாதி நிரம்பி நிற்கிறது.

கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் கிடைக்கிறது. அதில் தோரியம் இருக்கிறது. எஃப் வரியில் வைத்திருக்கும் தோரியத்தின் நடுநிலை அணுவில் 5எஃப் எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை. [ரேடான்] 6டி² 7எஸ்². இதைத் தப்பாக எழுதும் பிள்ளைக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை, காரணம் சொல்லித் திருத்துகிறேன்.

கூடங்குளம் உலைகளில் எரிபொருளாகும் யுரேனியம் தேர்வில் கேட்கக்கூடியது. அணு எண் 92. ரேடான் வரை 86, மிச்சம் ஆறு. 7எஸ்ஸில் இரண்டு. மீதி நான்கையும் 5எஃபில் போடத்தான் கை போகும், கூட்டுத்தொகையும் சரியாகவே வரும். உண்மையான அணுவில் அந்த நான்கில் மூன்று எஃபில், ஒன்று டியில். [ரேடான்] 5எஃப்³ 6டி¹ 7எஸ்². 86, 3, 1, 2. கூட்டுங்கள், 92.